வலது காதுக்கு ஒரு மிக்சர்

அக்கா,

இன்று காலை ஹெட்போனை மாட்டியதும் இடது பக்கத்தில் ஒரு கரகரப்பு கேட்டது. சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போல, விட்டு விட்டு. திரையில் ஒரு ஞானஸ்நான வீடியோ பாதியில் நின்றிருந்தது. நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை, வயரை ஆட்டிப் பார்க்கவும் இல்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஹெட்போனைக் கழற்றி, பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கரகரப்பும் பக்கம் மாறினால் கோளாறு ஒலி மிக்சரில். மாறாமல் அதே காதில் நின்றால் கோளாறு எனக்குள்ளே. ஒரு நொடி வேலை. ஆனால் நான் எழுந்து போய் கோப்பிக் கோப்பையைக் கழுவினேன். ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலைத் திறந்து மறுபடி மூடினேன். வாசலில் செருப்பை ஒழுங்காக வைத்தேன். பிறகு செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் திரும்பி வந்து ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன்.

கரகரப்பு வலது காதுக்கு வந்தது. இன்னொரு ஹெட்போனிலும் அப்படித்தான். மிக்சர்தான். நிம்மதியாகத்தானே இருந்திருக்க வேண்டும்? தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிக்சர் போய்விட்டது என்றால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதை நீ இல்லாமல் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டும்.

அத்தான் இறந்த பிறகு நீ என்னோடு பினாங்கில் இந்த டத்தோ கிராமாட் வீட்டுக்கு வந்தாய். அதற்கடுத்த வருடம் நீ வேலை செய்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வந்தது. மின்னணுத் தகடுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பழுது தேடுவதே வேலையாக இருந்தவள் நீ. வீட்டில் சும்மா இருந்தால் என் சமையலில் பழுது தேட ஆரம்பித்துவிடுவாய் என்று நான்தான் பயந்தேன். நல்லவேளையாக நீ ஒரு கேமராவும் கணினியும் வாங்கினாய். கோயில் கல்யாணங்கள், சர்ச் கல்யாணங்கள், சர்ச் பிள்ளைகளின் முதல் நன்மை விழாக்கள். பின்னறையில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து அதைத் தொழிற்கூடம் ஆக்கினாய். மைக், பாட்டு, கேமராவில் பதிந்த சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னப் பெட்டியை, முதல் மிக்சரை, யாரோ பாதி விலைக்குத் தந்தார்கள். நான் கப்பல் கம்பெனி ஆபீசில் தட்டச்சும் கணக்குமாகக் கிராணி வேலை முடித்து வந்ததும் உனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன்.

"பாப்பா, படம் கொஞ்சம் ஆடினா மன்னிச்சிருவாங்க. சத்தம் போச்சுன்னா மன்னிக்க மாட்டாங்க" என்பாய். ஐம்பதை நெருங்கிய என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

பாலிக் புலாவ் கல்யாண வீடியோவைக் கொடுத்த வாரம் பெண்ணின் அப்பா போன் செய்தார். மரியாதையான மனிதர், டுரியான் பழத் தோட்டக்காரர். வீடியோ ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் மகள் வாக்குறுதி சொல்லும் இடத்தில் பாட்டு ஒரு பக்கமாக இரைகிறது, பிள்ளையின் குரலே கேட்கவில்லை என்றார். குறை சொல்லத் தயங்கித் தயங்கித்தான் பேசினார். நீ அவரிடம் பணிவாகப் பேசி போனை வைத்தாய். பிறகு என்னிடம், அவர் வீட்டு ஸ்பீக்கர் சரியில்லை என்றாய்.

நான் கேட்டுப் பார்த்தேன். வலது பக்கம் ஆர்கன் இசை காதைக் கிழித்தது. இடது பக்கத்தில் அந்தப் பெண்ணின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது. உனக்கு இது தெரியவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கொஞ்ச நாளாகவே நீ போனை இடது காதிலேயே வைத்துப் பேசுவது, டிவி பார்க்கும்போது நாற்காலியைக் கோணலாகப் போட்டுக்கொள்வது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வலது பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது என்று நினைத்து நீ ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாய்.

"அக்கா, ஹெட்போனத் திருப்பிப் போட்டுப் பாரேன்" என்றேன். விளையாட்டாகச் சொல்வது போலச் சொன்னேன்.

நீ திருப்பிப் போட்டாய். மறுபடி திருப்பினாய். இன்னொரு முறை. உன் முகத்தில் எதுவுமே தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தொழிற்சாலையில் பழுது கண்டுபிடித்த கதையைச் சொல்லும்போதுகூட உன் முகம் மலர்ந்துவிடும்.

"மிஷின்தான் லா" என்றாய். "பழைய மிக்சர். மாத்திரணும்."

மிக்சராக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நாம் புது மிக்சர் வாங்க டவுனுக்குப் போனோம். பஸ்ஸில் நீ நிறுத்தாமல் பேசினாய். எத்தனை மைக் செருகலாம், கணினிக்கு நேராக வயர் போகுமா, பொத்தான் திருகுவதா நகர்த்துவதா, இரைச்சல் இல்லாமல் இருக்குமா. வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய மேடை மிக்சர் தேவையில்லை, மைக் செருக நாலு வழி இருந்தால் போதும் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். உன் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

கடை முதலாளியான தவுக்கே வயதான சீனர். உன்னை ஏற்கெனவே தெரியும் அவருக்கு, வயர் வாங்க நீ அடிக்கடி போவாயே. மலாயில் நலம் விசாரித்துவிட்டு முதல் மிக்சரை எடுத்து வைத்துப் பாட்டுப் போட்டார். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாய். வலது பக்கம் சரியில்லை என்றாய். அவர் இரண்டாவதைப் பெட்டியிலிருந்து புதிதாகப் பிரித்து எடுத்தார். அதிலும் வலது பக்கம் சரியில்லை. மூன்றாவதை மாட்டும்போது அவர் ஹெட்போனையும் மாற்றினார், வயரையும் மாற்றினார். மாட்டுவதற்கு முன்னால் தானே கேட்டுப் பார்த்தார். பிறகு உன்னிடம் நீட்டினார்.

நீ ரொம்ப நேரம் கேட்டாய். பாட்டு முடிந்த பிறகும் கழற்றவில்லை. நான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடி அலமாரியில் இருந்த மைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெட்போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"மூணும் கெட்டுப் போயிருக்காது இல்ல, பாப்பா?"

தவுக்கே உள்ளே போய் தண்ணீர் போத்தல் எடுத்து வந்து உன் முன்னால் வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்திருந்தது.

அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் நீ தண்ணீர் குடித்துவிட்டு, சத்தத்தின் அளவைக் காட்டும் விளக்கு வரிசை இருக்கிற மிக்சர் இருக்கிறதா என்று கேட்டாய். அவர் மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். இடதுக்கு ஒரு வரிசை, வலதுக்கு ஒரு வரிசை, நீளமாக, பச்சையில் ஆரம்பித்து மஞ்சளாகி உச்சியில் சிவப்பு. பாட்டுப் போட்டதும் இரண்டு வரிசையும் சேர்ந்து ஏறி இறங்கின. நீ ஹெட்போனைத் தொடவே இல்லை. விளக்குகளையே பார்த்துக்கொண்டு, இதுதான் வேண்டும் என்றாய். ஒலிப் பெட்டியைக் கண்ணால் பார்த்து வாங்கியவர்கள் பினாங்கில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், சளி, காதில் அழுக்கு, வயசு என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தாய். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களே. சொல்லாத வரைக்கும் எதுவும் இல்லை என்பது போல இரண்டு பேரும் நடந்துகொண்டோம்.

பாசாரில் நடந்ததை நீ யாரிடமும் சொல்லக் கூடாது என்றாய். உன்னிடமே சொல்வதால் தப்பில்லை. நீ மீன்கடைப் பக்கம் சாலையைக் கடந்து போயிருந்தாய். நான் இந்தப் பக்கம் காய்கறிக்காரியிடம் நின்றிருந்தேன். உன் பையை விட்டுவிட்டுப் போனாயே என்று "அக்கா" என்று கூப்பிட்டேன். நீ உடனே நின்றாய். குரல் கேட்டிருந்தது. ஆனால் என் பக்கம் திரும்பாமல் மீன்கடையைப் பார்த்தாய். பிறகு பின்னால். பிறகு மேலே, மாடி வீட்டு ஜன்னலை. நான் மறுபடி கூப்பிட்டேன். நீ நின்ற இடத்திலேயே சுற்றினாய், சர்ச் விழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி. உன் கண் என்னைத் தாண்டிப் போனது. வலது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அதையும் நீ வேறெங்கோ தேடினாய். அவன் உன் சட்டையை உரசிக்கொண்டு போனான்.

நான் ஓடி வந்து உன் கையைப் பிடித்தபோது, "நீ எங்க இருந்த? எல்லாப் பக்கமும் நீ கூப்பிடற மாதிரியே இருந்துச்சு" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது. ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே போய்விடும் என்று யார் கண்டது? திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். நீ தட்டிக் கழிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கும் அறை நம் பின்னறை மாதிரியே இருந்தது, மெத்தை வைத்த சுவர், ஒரு நாற்காலி, ஹெட்போன். உன்னை உள்ளே உட்கார வைத்துக் கனமான கதவைச் சாத்தினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் வெளியே ஒரு விளக்கு எரியும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இடது காதுக்கு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் முதல் வரிசைப் பெண் மாதிரி முனைந்து அழுத்தினாய். பிறகு வலது காது. சோதிக்கிற பெண் ஒரு பொத்தானைத் திருகினாள். விளக்கு எரியவில்லை. இன்னும் திருகினாள். எரியவில்லை. நீ தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, வரப்போகும் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாய். சத்தம் எப்போதிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. கண்ணாடியை உடைத்துப் போய் உனக்குப் பதில் நானே அந்தப் பொத்தானை அழுத்திவிடலாமா என்று இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குப் பின்னால் நரம்பில் ஒரு சின்னக் கட்டி. தமிழ் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும், சிலருக்கு வளராமலே நிற்கும், போன காது திரும்பாது, இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், ஆனால் விடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தால் என்று நீ கேட்டாய். வளர்ந்தால் அப்போது பேசுவோம் என்றார்.

அந்த 'வளர்ந்தால்' நம்மோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போது கூட உட்கார்ந்தது. நீ தலைவலி என்றால் நான் ஸ்கேன் தேதியை எடுத்துப் பார்ப்பேன். படியில் லேசாகத் தடுமாறினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். சாலையில் நான் எப்போதும் உன் வலது பக்கம் நடந்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் நான் ஆபீசில் தப்பு தப்பாகத் தட்டச்சு செய்தேன். நீயோ அந்த வாரங்களில்தான் அதிகம் வேலை செய்தாய்.

வேலைக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நீ இடது காதால் கேட்பாய், விளக்கு வரிசையைக் கண்ணால் பார்ப்பாய். நான் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். வலது பக்கம் ஓங்கினால் மேஜையை ஒரு தட்டு, தாழ்ந்தால் இரண்டு தட்டு. முதலில் திருத்தி முடித்தது பாலிக் புலாவ் வீடியோ. அந்த அப்பாவே வீட்டுக்கு வந்து பார்த்தார். மகள் வாக்குறுதி சொல்லும் இடம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு நீ கேட்டாய், "ரெண்டு பக்கமும் நல்லா கேட்டுச்சா?" கேட்டது என்றேன். எனக்கு எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல்லச் சொன்னாய். ஆர்கன் எந்தப் பக்கம், பாதர் குரல் எந்தப் பக்கம், கூட்டத்தில் யாரோ இருமியது எந்தப் பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல, நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஒரு ஸ்கேனுக்கு முந்தின பிற்பகல், நீ மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது உன் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். அதுவரை அந்த வார்த்தையை நாம் இருவரும் சொன்னதில்லை.

"பயமாத்தான் இருக்கு" என்றாய். "ரொம்ப. அதுக்காகக் கல்யாண வீட்டுக்காரங்க காத்திருப்பாங்களா? நீ வலது பக்கத்தப் பாரு."

கடைசி ஸ்கேனில் கட்டி கொஞ்சம்கூட வளரவில்லை என்றார் டாக்டரம்மா. இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். வரும் வழியில் ரோட்டி சானாய் சாப்பிட்டோம். நீ குழம்பு இரண்டாவது முறை கேட்டு வாங்கினாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு நான் பயப்படவில்லை. உன்னை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குக்கூடப் போனேன்.

அதே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து வந்து, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாளி விழுந்த சத்தம் கேட்டது. வந்து பார்த்தபோது ஈரப் போர்வையோடு நீ கீழே கிடந்தாய். மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தலையில் இருந்த கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது அக்கா. நாம் இத்தனை நாள் ஒரு பக்கம் காவல் நின்றோம். அது நாம் பார்க்காத பக்கமாக வந்துவிட்டது. இனி நான் எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது?

அதனால் எல்லாப் பக்கமும் பயந்தேன். கொஞ்ச காலம் பின்னறையைத் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள், நீ பாதியில் விட்டுப் போன நிச்சயதார்த்த வீடியோவைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். முடித்துக் கொடுத்தேன். இன்னொன்று வந்தது. கப்பல் கம்பெனி கோலாலம்பூருக்கு மாறியபோது நான் கூடப் போகவில்லை, இதையே தொழிலாக்கிக்கொண்டேன். ஆனால் வேலையை ஆரம்பிக்கும் முன் தினமும் ஹெட்போனைப் பக்கம் மாற்றிப் பார்க்கிறேன். இந்தக் கட்டி குடும்பத்தில் தொடர்வது அபூர்வம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அபூர்வம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லையே.

இன்று காலை தரையிலிருந்து எழுந்ததும் அந்தக் கடைக்குப் போனேன். தள்ளிப்போட்டால் போக மாட்டேன் என்று தெரியும். தவுக்கே இன்னும் இருக்கிறார், மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் மலாயில், உன் அக்கா வரவில்லையா என்று கேட்டார். அக்கா இப்போது இல்லை என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார்.

பிறகு இரண்டு மிக்சர்களை எடுத்து வைத்தார். ஒன்று உன்னுடையதைப் போல, நீளமான விளக்கு வரிசை உள்ளது. இன்னொன்று சின்னது, இரண்டு மைக் செருகலாம், ஒரே வயரில் கணினியோடு சேர்ந்துவிடும், விளக்கு என்று பார்த்தால் ஒரு பொட்டு. நான் கையோடு கொண்டுபோன ஞானஸ்நான வீடியோவின் சத்தத்தை இரண்டிலும் போட்டுக் கேட்டேன். விளக்கு வரிசை உள்ளதில் அடியில் லேசான இரைச்சல் இருந்தது. சின்னதில் பாதர் புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

கேட்ட பிறகும் என் கை விளக்கு வரிசையின் மேலேயே இருந்தது. என்றைக்காவது எனக்கும் காது போனால் இது வேண்டுமே. இதை வாங்காமல் போனால், எனக்கு ஒன்றும் வராது என்று திமிராகச் சொல்வது போல ஆகிவிடுமோ. வாங்கினால் நானே வா என்று கூப்பிட்டது போல ஆகிவிடுமோ. கடையில் நின்றுகொண்டு ஒரு பெட்டிக்காக இப்படித் தயங்குகிறேன். அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றார் தவுக்கே. ஹெட்போனை மறுபடி மாட்டிக் கண்ணை மூடினேன். இடது பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம். வலது பக்கம் கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். இன்றைக்கு எனக்கு இரண்டும் கேட்கிறது. சின்னதைக் கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து வயர்களை மாட்டிவிட்டேன். பயம் குறையவில்லை அக்கா. குறையும் என்று நீயும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வேலையை முடித்துக் கொடுப்பதைத்தான் நீ செய்து காட்டினாய். உன்னிடமிருந்து என் கைக்கு வந்திருப்பது அது ஒன்றுதான், அதுவும் பாதிதான் வந்திருக்கிறது.

இந்த வீடியோவை மாலைக்குள் கொடுக்க வேண்டும். நெற்றியில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழும் இடத்தில் நிற்கிறேன். பாட்டு அதை மறைக்கிறது. பெற்றவளுக்கு அந்த அழுகை கேட்க வேண்டும். விரல் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பாட்டைக் குறைத்துவிட்டு, குழந்தையைக் கொஞ்சம் ஏற்றுகிறேன்.

பாப்பா